பூங்காவுக்கே சைக்கிள் கொண்டுவருவார்களாம்: எங்கள் 200 வெள்ளி போச்சு

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சைக்கிள் ஓட்ட சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவுக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு செயலியில், சைக்கிளை வேனில் பூங்காவுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று விளம்பரம் போடுகிறார்களே, அப்படி ஒருவரிடம்தான் எங்கள் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாட்டிக்கொண்டது. இன்று காலை என் எண்ணையும் தடை செய்துவிட்டார். எப்படித் தப்பிப்பது, யாரிடம் போவது என்பதையெல்லாம் கடைசியில் சொல்கிறேன்.

நாலு சைக்கிள், ஒவ்வொன்றுக்கும் 50 வெள்ளி முன்பணம், வாடகை தனி. வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. இறங்கியவர் தமிழர், வாய்க்கு வாய் அக்கா, அண்ணே என்றுதான் பேச்சு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் அத்தையிடம் போய் "சாப்பிட்டாச்சாம்மா?" என்று விசாரித்தார். தலைக்கவசம் இறுக்குகிறது என்று மகள் சொன்னதும் அவள் முன்னால் மண்டியிட்டு, வாரைத் தளர்த்தி, தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, "இப்ப சரியா இருக்கா பாப்பா?" என்று கேட்டார். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்த மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? நான் சைக்கிள்களைப் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியபோது, "எல்லாம் நான் எடுத்துட்டேன்க்கா, நீங்க பசங்களோட ஜாலியா போய்ட்டு வாங்க" என்றார். அவர் கொடுத்த எண்ணுக்குப் பேநவ் (கைப்பேசி எண்ணை வைத்தே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வசதி) வழியாக 200 வெள்ளியை அப்போதே அனுப்பிவிட்டோம்.

பூங்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலகைப் பாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது என்பதால் வெளியே நிறுத்திவிட்டுச் சதுப்புநிலக் காட்டுக்குள் நடந்தோம். நீர் வடிந்திருந்த நேரம். சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன்களையும் சேற்று இறால் குவித்து வைத்த மண்மேடுகளையும் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நகர மறுத்தார்கள்.

திரும்ப ஏறி ஓட்டும்போதுதான் மகனின் சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை. பிடியை அழுத்தினால் கைப்பிடிவரை போய் ஒட்டிக்கொள்கிறது, சக்கரம் பாட்டுக்குச் சுற்றுகிறது. பின் பிரேக்கின் கம்பி துருப்பிடித்து, உறைக்குள் அறுந்தே போயிருந்தது. எதிரே தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை வந்தது, அதைத் தவிர்க்கப்போய்ப் புதரில் விழுந்து முழங்கால் சிராய்ந்தது. உடனே போன் போட்டேன். "பார்க்குக்குள்ள ஓட்டுறதுக்கு பிரேக் எதுக்குக்கா, மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்கிறார்! பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளுக்கு வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2021லிருந்து இங்கே சட்டமே இருக்கிறது. வாடகைக்கு விடுபவருக்கா அது தெரியாது?

சாயந்திரம் சைக்கிளை எடுக்க வந்தது வேறு ஒரு பையன். முகம் கொடுத்துப் பேசவில்லை, பிரேக்கைப் பற்றிச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை, முன் சக்கரம் கோணியிருக்கிறது என்று மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். முன்பணம்? "பாஸ் அனுப்புவாரு."

அந்தப் பாஸ் அனுப்பவே இல்லை. முதலில், கணக்குப் பார்க்கும் பெண் லீவு. அப்புறம் வெள்ளிக்கிழமை கண்டிப்பாக. வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை ஆனது. நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது. என் கணவர் வேறு எண்ணிலிருந்து அழைத்தால், "அண்ணே, ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவார். கடைசியில் வந்த செய்தி: சக்கரம் மாற்றிய செலவு 210 வெள்ளி, முன்பணம் போக நாங்கள்தான் இன்னும் 10 வெள்ளி தர வேண்டுமாம்! ரசீது கேட்டேன். எண் தடை. பிரேக் இல்லாத சைக்கிளில் என் பிள்ளையை ஏற்றிவிட்டு, அவன் விழுந்ததற்கு என்னிடமே 200 வெள்ளி. உடம்பெல்லாம் எரிகிறது.

சரி, சொன்னபடி யோசனைகள். பதிவுபெற்ற வணிகப் பெயர் இல்லாத, வெறும் கைப்பேசி எண்ணுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். அவர் படம் எடுத்தால் எடுக்கட்டும், நீங்களும் எடுங்கள், சக்கரத்தைச் சுற்றிவிட்டு வீடியோவாகவே எடுங்கள். பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கேட்கலாம், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் வழக்குக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும், எங்களிடம் இருப்பது பேநவில் தெரிந்த ஒரு செல்லப்பெயர் மட்டும்.

பிள்ளை ஏறும் சைக்கிளின் பிரேக்கை நீங்களே அழுத்திப் பாருங்கள். கைப்பிடிவரை போனால் பணம் கொடுக்காதீர்கள். இன்னும் நிறைய இருக்கிறது, இப்போது புகார் எழுத உட்காருகிறேன்.