பெங்களூரில் ரோபோ பொம்மைக்கு அப்கிரேட் கிட் மாட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் (வண்டியாகவும் விமானமாகவும் மாறுகிற ரோபோ பொம்மைகள்) சேர்க்கிற நம்ம ஆட்கள் பலரும் வேலைக்குக் கொடுப்பது ஒரே ஆளிடம்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. அதனால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அவர் பெயரை எழுதவில்லை. புகார் போயிருக்கிறது, அது முடிகிற வரை எழுதப் போவதும் இல்லை. அவர் வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்வீர்கள். புதுப் பாகங்கள் மாட்டித் தருவதாகப் பொம்மையை வாங்கிக்கொள்கிறார். கம்பெனி அப்கிரேட் கிட்டுக்கான (பொம்மையின் குறையைத் தீர்க்கும் மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) பணத்தை வாங்கிவிட்டு, வீட்டில் 3டி பிரின்டரில், ஒளி பட்டால் இறுகும் ரெசின் என்கிற திரவத்தில் அச்சடித்த நகலை மாட்டுகிறார். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைத் தானே வைத்துக்கொண்டு தனியாக விற்கிறார்.

என்னிடம் இருந்தது 2015-ல் வந்த காம்பைனர் வார்ஸ் வரிசையின் சுபீரியன். ஐந்து ரோபோக்கள் சேர்ந்து ஒரே பெரிய ரோபோவாகிற பொம்மை. என் தம்பி துபாயிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வந்து சேர்த்துக் கொடுத்தது. சில்வர்போல்ட் நடு உடம்பு. ஏர் ரெய்டு, ஸ்கைடைவ், ஃபயர்ஃப்ளை, அப்புறம் அந்த ஹெலிகாப்டர் ஆல்ஃபா பிராவோ, இவர்கள் நாலு பேரும் கை கால். எதை வேண்டுமானாலும் கையாகவும் மாட்டலாம், காலாகவும் மாட்டலாம். அதற்காகவே ஒவ்வொரு சின்ன ரோபோவோடும் ஒரு துண்டு வரும். கையில் மாட்டினால் கை, காலில் மாட்டினால் பாதம், தனியாகக் கொடுத்தால் துப்பாக்கி. யோசனை அருமையானது. ஆனால் மூன்று வேலையையும் ஒரே துண்டு செய்வதால் விரல் மடங்காது, பாதம் சாயாது, காலை அகட்டி நிறுத்தினால் உள்ளங்கால் தரையில் முழுசாகப் படியாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பர்ஃபெக்ட் எஃபெக்ட் மாதிரி மூன்றாம் தரப்புக் கம்பெனிகள் மடங்கும் விரல்களோடு கையும், கணுக்கால் சாயும் அகலப் பாதமும் தனியாகச் செய்து விற்றன. ஒரிஜினல் பொம்மையைச் செய்யும் ஹாஸ்ப்ரோ கம்பெனியின் உரிமம் இல்லாமல் செய்பவர்கள்தான். ஆனாலும் நல்ல கிட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் சுத்தம் தெரியும். என் கோபம் அவர்கள் மேல் இல்லை.

இங்கே கடையில் போய் இதெல்லாம் கேட்க முடியாது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் கட்டாயம். கடைக்காரர்களே பெட்டியில் வரும் சாதாரணப் பொம்மையைத் தருவிக்கத் தடுமாறும்போது, பழைய வரிசைக்கான கிட்டை யார் வரவழைத்து வைப்பார்கள்? அதனால் எல்லாரும் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்து, "நான் வரவழைச்சுத் தரேன்" என்று சொல்கிறவரிடம் போகிறோம். இவரும் அப்படிக் கிடைத்தவர்தான். சிவாஜிநகர் பக்கம் வீட்டிலேயே வேலை செய்கிறார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "அக்கா, கிட் எட்டாயிரம், மாட்டுறதுக்கு ஆயிரத்தைந்நூறு. இடுப்பு லூசா இருக்குல்ல, அதையும் டைட் பண்ணிக் கொடுத்துடறேன்" என்றார். கிட் பெட்டியின் படமும் அனுப்பினார். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டார், அனுப்பினேன். பொம்மையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது கிட்டின் பெட்டி இல்லை, கழற்றிய பாகங்களும் இல்லை. கேட்டதற்கு, "பெட்டியை கஸ்டம்ஸ்ல பிரிச்சுட்டாங்கக்கா. பழைய பார்ட்ஸை அடுத்த வாரம் கொரியர் பண்றேன்" என்றார். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விரல் மடங்கியது, சாம்பல் நிறம்கூடக் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. பாதத்தைத் தொட்டால் மட்டும் லேசான பிசுபிசுப்பு, கொஞ்சம் மருந்து வாடை. கடை ஷோகேஸில் நிற்கிற மாதிரி நிறுத்திவைத்தோம்.

முதலில் போனது வலது கணுக்கால். யாரும் தள்ளவில்லை, விழவும் இல்லை. என் மகள் காலைக் கொஞ்சம் அகட்டினாள், பெக் (பாகத்தை மாட்டும் முளை) பட்டென்று முறிந்தது. கம்பெனி கிட்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஏபிஎஸ் உடைவதற்கு முன் வளையும், வளைந்த இடம் வெளுக்கும், அதைப் பார்த்து நாம் கையை எடுத்துவிடலாம். சாதாரண அச்சு ரெசின் அப்படி எச்சரிக்காது. இந்த முறிவில் வெளுப்பே இல்லை, கண்ணாடித் துண்டு போல ஓரம் கூராக இருந்தது. பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக மெல்லிய கோடுகள். பாதத்தின் அடியில், அச்சடிக்கும்போது பாகத்தைத் தாங்கும் சப்போர்ட் கம்பிகளை வெட்டிய புள்ளிகள், அதன் மேலேயே பெயின்ட்.

கம்பெனியில் உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்த்த பாகத்தை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடங்களில், சின்னச் சின்ன வட்டத் தடங்கள் இருக்கும். வார்ப்பிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகளின் தடம் அது. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஓரத்தோடு ஒரு மெல்லிய கோடு ஓடும். பிளாஸ்டிக் உள்ளே புகுந்த இடத்தில் வெட்டிய தழும்பும் இருக்கும். ஆயிரக்கணக்கில் வார்க்கிற பாகத்தில் இவை இல்லாமல் இருக்காது. என் பொம்மைக்கு வந்த பாகங்களில் இவை ஒன்றுகூட இல்லை.

அந்தப் பிசுபிசுப்பு என்ன என்று அப்புறம்தான் புரிந்தது. ரெசினை அச்சடித்த பிறகு கழுவி, புற ஊதா ஒளியில் வைத்து முழுசாக இறுக விட வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் மேல்பரப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரும். குழந்தைகள் இருக்கிற வீடு என்று அவருக்குத் தெரியும். பொம்மையைக் கொடுக்கப் போனபோது என் மகளும் கூடவே வந்திருந்தாள், அவளிடம் சிரித்துப் பேசியவர்தான். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

இடுப்பை 'டைட்' செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். தளர்ந்த ஜாயின்ட்டுக்கு நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லியதாகப் பூசி, முழுசாகக் காய விட்டு, பிறகு மாட்டுவார்கள். வேலை தெரிந்தவர்கள் செய்வது இதுதான். இவர் சூப்பர் க்ளூவை விட்டிருக்கிறார். அது ராட்செட்டுக்குள் (ஜாயின்ட்டைப் படிப்படியாக நிறுத்தும் பல்சக்கரம்) இறங்கி இறுகிவிட்டது, சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரிப் படிந்திருந்தது. இப்போது சில்வர்போல்ட் விமானமாக மாற முடியாது. ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் பின்னையும் தப்பான பக்கத்திலிருந்து அடித்து எடுத்திருக்கிறார். இந்த இரும்புப் பின்களில் ஒரு முனை வழவழப்பாக இருக்கும், மறுமுனையில் பல்போல வரிகள் இருக்கும். வழவழப்பான முனையிலிருந்து தட்டி, வரியுள்ள முனை முதலில் வெளியே வருகிற மாதிரி எடுக்க வேண்டும். மாற்றி அடித்தால் வரிகள் ஓட்டை முழுக்க உரசிக்கொண்டு போய்ப் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். தொடையில் பின்னைச் சுற்றி விரிசல் ஓடியிருக்கிறது. மூன்றாம் தரப்புக் கிட்டைத் திரும்ப வாங்கலாம், இந்தத் தொடையை எங்கே போய் வாங்குவது?

ஒரிஜினல் துண்டுகள் கொரியரில் வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "அனுப்பிட்டேன்க்கா", "ட்ராக்கிங் தரேன்க்கா". பிறகு ஒருநாள் வேறொரு விற்பனைக் குழுவில் தம்பி ஒரு படத்தைப் பார்த்து எனக்கு அனுப்பினான். காம்பைனர் வார்ஸ் கை-கால் துண்டுகள், நாலும் சேர்த்து, 'ஒரிஜினல், நல்ல கண்டிஷன்' என்று விளம்பரம். அதில் ஒன்றின் உள்குழிவில் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய 'இ'. என் மகள் எழுதப் பழகிய காலத்தில் வீட்டில் கண்ட பொருளில் எல்லாம் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வைத்தாள், இதிலும் போட்டிருந்தாள். எழுத்தின் வளைவு வரைக்கும் எனக்குத் தெரியும். விளம்பரத்தில் இருந்த போன் நம்பர் இவருடையதுதான்.

படத்தை அனுப்பிக் கேட்டேன். "அக்கா, கிட் மாட்டினா பழசு மாட்டுறவங்களுக்குத்தான், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, தருவதாகச் சொன்ன செய்திகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன என்றேன். அதோடு பிளாக் செய்துவிட்டார்.

குழுவில் இதைச் சொன்ன பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவருக்கு மெனாசர் என்கிற இன்னொரு பெரிய ரோபோவின் பாதம், இன்னொருவருக்கு ஸ்டுடியோ சீரிஸ் வரிசைப் பொம்மையின் கை. கதை மட்டும் ஒன்றே: பெட்டி கஸ்டம்ஸில் பிரிந்தது, பழைய பாகம் கொரியரில் தொலைந்தது. பாகங்கள் முழுசாக இல்லாத பொம்மைக்குச் சேகரிப்பாளர்களிடம் பாதி மதிப்புகூடக் கிடைக்காது. அவருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் அந்தத் துண்டுகளுக்கு விலை வைத்து விற்கிறார்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். பிறகு இ-ஜாக்ரிதி என்கிற அரசு இணையதளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, முறிந்த பாகத்தின் கிட்டத்துப் படங்கள், அந்த 'இ' தெரிகிற விளம்பரப் படம், எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். ஏமாந்த மற்றவர்களும் தனித்தனியாகப் போடுங்கள். பேச்சை அழித்துவிடாதீர்கள், போன் மாற்றுவதாக இருந்தால் முதலில் பேக்கப் எடுங்கள்.

இப்போது யாரிடமாவது பொம்மை கொடுத்திருந்தால் இன்றைக்கே போய், கழற்றிய பாகங்களை நேரில் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள், கொரியருக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இனிமேல் கொடுப்பதாக இருந்தால் கிட் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்தையும் படம் எடுத்து, அந்தப் படத்தை அவருக்கே அனுப்பி, 'இவை எல்லாம் திரும்ப வேண்டும்' என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கை கால் மட்டும் மாற்றுகிற கிட்டுக்கு ஆளே தேவையில்லை. ஐந்து நிமிஷ வேலை, நாமே பெக்கைப் பொருத்திவிடலாம்.

ஊதா 'இ' எழுதிய அந்தத் துண்டை யாராவது ஏற்கனவே வாங்கியிருந்தால், உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நீங்கள் கொடுத்த விலையை நான் கொடுக்கிறேன். அவரிடம் வாங்கியதற்கான ரசீதையோ பேச்சின் படத்தையோ மட்டும் எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்க வேண்டும்.