டிஸ்க் பிரேக் போட்டோம் என்பார்கள், மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டிஸ்க் பிரேக் மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். என் எம்ஜிஏ 1500 காரை ஒரு பட்டறையில் விட்டேன். காசு முழுவதையும் வாங்கிக்கொண்டு, உயிருக்கே உலை வைக்கும் நிலையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

1955இல் வந்த இந்த மாடலுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சுழலும் டிரம்மின் உள்பக்கத்தில் ஷூ என்ற கட்டைகள் அழுத்தி நிறுத்தும் வகை. நீண்ட இறக்கத்தில் அடிக்கடி மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். 1959இல் 1600 மாடல் வந்தபோது கம்பெனியே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் கொடுத்துவிட்டது. ஆகவே முன்னால் டிஸ்க் போடுவது நல்ல வேலைதான். காலிப்பர் (டிஸ்கைப் பேட்களால் அழுத்திப் பிடிக்கும் பாகம்), டிஸ்க், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) எல்லாமே புதிது என்று பில்லில் எழுதியிருந்தார்கள்.

வண்டி கைக்கு வந்ததுமே பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கியது. "புது பேட் சார், ஓட ஓட செட்டாகிடும்" என்றார் பட்டறைக்காரர். பேட் டிஸ்கோடு படியக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது சரி. ஆனால் பெடல் இப்படி அமுங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஆயில் போகும் லைனில் நிற்கும் காற்றை. அப்புறம் வண்டி தானாகவே இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உருளாமல் நின்றுவிடும். இறங்கிப் பார்த்தால் கருகிய வாடை, முன் வீல் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வீலைக் கழற்றியவர், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கத்தில் இருந்தது. இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள்! காற்று மேலேதான் போய் நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் அது வெளியே வராது. காலிப்பரும் புதிதல்ல. பெயிண்டைச் சுரண்டியதும் துரு அரித்த பள்ளங்கள் தெரிந்தன.

மாஸ்டர் சிலிண்டர் என் பழையதேதான், மேலே கறுப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது இதில்தான். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. பெடலை விட்ட பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். டிரம்மில் ஷூவைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தத்தால் தொந்தரவு இல்லை. இந்தக் காலிப்பரில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 155 என்றாலே தரத்துக்குள் வந்துவிடும். கொதித்துவிட்டால் லைனில் ஆவி சேர்ந்து பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் சர்க்யூட்தான். அது போனால் மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்.

படங்களோடு போய்க் கேட்டதற்கு, "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும் சார்" என்றார்கள். மறுபடி கூப்பிட்டால் போனையே எடுப்பதில்லை.

நீங்கள் வண்டியைப் பட்டறையில் கொடுப்பதானால், கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதில் இல்லையென்றால் அது வண்டியில்தான் இருக்கிறது. நிப்பிள் மேலே இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, பெடலை நாலைந்து முறை மிதித்து விடச் சொல்லி, வீலைக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசலாம், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பாக்கிப் பணம் அதற்குப் பிறகுதான்.

என் காரில் இப்போது டிஸ்குக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரும் நிஜமாகவே புதிய காலிப்பர்களும் இருக்கின்றன. இரண்டாவது முறை ஆன செலவைக் கேட்டு அந்தப் பட்டறைக்கு எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.