நாலாம் வகுப்புக்கு ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாமா?

வடசென்னையில் எந்த வகுப்பறை ஜன்னல் கட்டையில் விரலை இழுத்தாலும் விரல் கறுத்துவிடும். அந்தத் தூசியையே பாடமாக்குவதற்கு ஃபோல்ட்ஸ்கோப் பொருத்தமான சாமான். அட்டையை மடித்துச் செய்யும் மைக்ரோஸ்கோப் இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது. ஆய்வுக் கட்டுரை 2014-ல் வெளிவந்தது. பரவலாகக் கிடைக்கும் வகை 140 மடங்கு பெரிதாக்கும், 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்டும். பாரமீசியம் என்ற ஒருசெல் உயிர், வெங்காயத் தோலின் செல், கொசு இறக்கையில் ஒட்டியிருக்கும் செதில் எல்லாம் தெரியும். "கிருமி காட்டுங்க மிஸ்" என்று கேட்கிற பிள்ளைக்கு பாக்டீரியாவைக் காட்ட முடியாது. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கண்ணில் படும் புள்ளியெல்லாம் கிருமியாகிவிடும்.

மடிக்கும் வேலைக்கு ஒரு முழு பீரியட் போய்விடும். அதில் பாடம் நடத்தப் பார்க்காதீர்கள். அட்டை என்கிறோமே தவிர, தண்ணீரில் ஊறாத, சுலபத்தில் கிழியாத செயற்கைக் காகிதம்தான். வியர்த்த கைக்கும் தாங்கும். ஒவ்வொரு மடிப்பையும் ஸ்கேல் விளிம்பால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மடிப்பு தளர்வாக இருந்தால் லென்ஸ் இருக்கும் பட்டை ஆடும், ஃபோகஸ் நிற்காது. லென்ஸில் பிள்ளைகளின் விரல் பட்டால் படம் பனி மூடின மாதிரி ஆகிவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்தால் போதும். கூட வரும் சிறு காந்த வளையங்களை ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. விழுங்கிவிட்டால் ஆபத்து.

கரண்ட் தேவையில்லை, ஆனால் வெளிச்சம் வேண்டும். இருண்ட வகுப்பறையில் மூலையில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. வராந்தாவில் நின்று வானத்தைப் பார்த்தாற்போல் பிடிக்கலாம், டியூப்லைட்டைப் பார்த்தும் பிடிக்கலாம். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் பிடிக்கக் கூடாது. கண்ணை அட்டையில் புருவம் உரசும் அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதிப் பிள்ளைகள் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு "தெரியல" என்பார்கள்.

ஸ்லைடு விலைக்கு வாங்க வேண்டாம். தடித்த சார்ட் அட்டையை 75 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி, நடுவில் பஞ்ச் மெஷினால் ஒரு ஓட்டை. அடியில் செல்லோ டேப், பசைப்பக்கம் மேலே. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சார்ட் வாங்கும்போதே கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் டேப்பையும் வாங்கிவிடுங்கள். மஞ்சள் பாய்ந்த டேப் உதவாது. ஓட்டையில் தெரியும் பசையை ஜன்னல் தூசியில் ஒருமுறை மட்டும் ஒற்றி எடுத்து, மேலே இன்னொரு டேப். இரண்டு முறை ஒற்றினால் தூசி அப்பிக்கொண்டு வெறும் கறுப்பு வட்டம்தான் தெரியும்.

இந்தத் தூசி ஸ்லைடில்தான் கருவியின் அருமையும் தெரியும், அது வைக்கும் பொறியும் தெரியும். மணல் துண்டு கரடுமுரடாக இருக்கும், துணி நூல் புழு மாதிரி நெளிந்து கிடக்கும். நடுவே சில குட்டி உருண்டைகள் இருக்கலாம். அனல்மின் நிலைய உலையில் நிலக்கரியில் உள்ள கனிமம் உருகி, பறக்கும்போதே குளிர்ந்து, கண்ணாடி உருண்டையாகிவிடும். சாம்பல் துகளின் அடையாளமே அதுதான். அனல்மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்துப் பள்ளியில் இதைத் தேடுவது நியாயமே. ஆனால் இரண்டு டேப்புக்கு நடுவே மாட்டும் காற்றுக் குமிழியும் உருண்டையாகத்தான் தெரியும்! குமிழிக்குப் பெரும்பாலும் ஓரம் தடித்த கறுப்பு வளையமாக இருக்கும், நடுவில் வெளிச்சம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தால் மனதில் தங்காது. தூசியே இல்லாத வெறும் டேப் ஸ்லைடு ஒன்றைச் செய்து முதலில் அதைப் பார்க்க விடுங்கள். அதிலும் உருண்டை தெரிந்தால், "அப்போ அது தூசி இல்லையா?" என்று பிள்ளையே கேட்கும். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கருவியை வாங்கலாம்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின் அட்டைகளில் அடுத்து என்ன செய்வது என்பது தயாராக இருந்தது. இங்கே அப்படி எதுவும் கிடையாது; அதனால் ஒரு நோட்டு கட்டாயம். ஒரு வளையலை வைத்து வட்டம் போட்டு, கண்ணில் தெரிந்ததை அதற்குள் வரையட்டும். கீழே மூன்று வரி: கண்டது, தோன்றியது, கேட்க வேண்டியது. 'சாம்பல்' என்பது தோன்றியது. 'உருண்டை, பழுப்பு நிறம், ஏழு' என்பது கண்டது. இந்த இரண்டையும் பிரிப்பதுதான் பிள்ளைகளுக்கு மிகக் கடினம், நம்மில் பலருக்கும் அப்படித்தான். மூன்று பேருக்கு ஒரு கருவி: ஒருவர் பார்க்க, ஒருவர் கேட்டுக் கேட்டு வரைய, ஒருவர் எழுத. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் முதல் படியான அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளை எழுதத் திணறினாலும் வரைவதில் முன்னால் நிற்கும்.

கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுக் கொடுக்காதீர்கள். கேள்விகளைச் சுவரில் ஒட்டி, அடுத்த வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் பிள்ளைகளே பொறுக்கட்டும். 'இது எங்கிருந்து வந்தது?' என்பதை வகுப்பறையில் சோதிக்க முடியாது. 'கடல் பக்க ஜன்னலிலும் தெருப் பக்க ஜன்னலிலும் ஒரே எண்ணிக்கை இருக்குமா?' என்பதை முடியும்: இரண்டு ஸ்லைடுகளைப் பசை மேலே இருக்கும்படி ஒருநாள் முழுக்க வைத்து, பிறகு மூடி, எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

செல்போன் கேமராவில் காந்தத்தால் ஒட்டிப் படம் எடுக்கும் வசதிதான் இதன் பெரிய கவர்ச்சி. வரைந்து முடிக்கும்வரை போனை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. திரையில் படம் வந்ததும் முப்பது பேரும் அதைச் சுற்றிவிடுவார்கள், ஆளாளுக்குத் தனியாகப் பார்ப்பது அதோடு முடிந்தது. பெற்றோர் கூட்டத்தில் காட்ட மட்டும் போன் நன்றாக உதவும்.

சில பொருள்கள் இதற்குச் சரிப்படாது. உப்புக் கல் தடிமன், ஃபோகஸ் ஆகாது. கரைத்து ஒரு சொட்டை ஓஎச்பி ஷீட் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) துண்டில் காயவிட்டால் குட்டிக் குட்டிச் சதுரங்களாக வரும். காசிமேட்டு சங்கரா மீன் செதிலைக் கழுவிக் காயவைத்தால் வளையம் வளையமாக அழகாகத் தெரியும். கழுவாமல் டேப் ஒட்டினால் மறுநாள் நாற்றம் தாங்காது. கொசுப் புழு முழுசாக அடங்காது, வால் நுனி மட்டும்தான் கிடைக்கும்.

முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்குப் பத்து போதும். ஆளுக்கொன்று வாங்கினால் பேச்சு நின்றுவிடும், பேச்சு நின்றால் கேள்வியும் வராது. ஐந்துக்குக் குறைந்தால் வரிசையில் நிற்பதிலேயே பீரியட் தீர்ந்துவிடும். ஒன்றிரண்டு அட்டையை மடிக்காமல் எடுத்து வையுங்கள். மடிக்கும்போது ஏதாவது உடைந்தால் உதவும்.