ஈ-கிளாஸா, 5 சீரிஸா? பழைய சொகுசு காரை எடைபோடுவது எப்படி

2017இல் மெர்சிடிஸ் ஈ-கிளாஸின் ஈ 220டி ஏறத்தாழ 57 லட்சத்துக்கும், பிஎம்டபிள்யூ 5 சீரிஸின் 520டி ஏறத்தாழ 50 லட்சத்துக்கும் இந்தியாவில் அறிமுகமாயின. இரண்டும் ஷோரூம் விலை. வரியும் காப்பீடும் தனி. இன்று அதே கார்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும்போது, "புது இன்னோவா வாங்கும் காசில் பென்ஸ்" என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. கணக்கு தவறுவதும் அங்கேதான். விலை இறங்கியது காருக்குத்தான். அதன் உதிரிபாகங்கள் இன்னும் 57 லட்ச ரூபாய்க் காரின் உதிரிபாகங்கள்தாம். ஆகவே விற்பவர் கேட்கும் தொகையை அல்ல, அதோடு அடுத்த மூன்று ஆண்டுச் செலவையும் கூட்டி வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஈ-கிளாஸ் பின்னிருக்கைக்காரருக்குச் செய்த கார். 2017இல் வந்தது நீளம் கூட்டிய வடிவம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,079 மில்லிமீட்டர். 5 சீரிஸில் அது 2,975. அந்தப் பத்து சென்டிமீட்டர் முழுவதும் பின்னால் உட்காருபவரின் காலுக்குப் போகிறது. ஓட்டுநர் வைத்திருப்பவருக்கு வேறு யோசனையே வேண்டாம். தானே ஓட்டுகிறவருக்கு 5 சீரிஸ். திருப்பங்களில் அது காட்டும் பிடிப்பு ஈ-கிளாஸில் கிடைக்காது.

யாருக்காகச் செய்தார்கள் என்பதே கார் எப்படித் தேய்ந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடும். ஈ-கிளாஸ்களில் பல நிறுவனத்தின் பெயரில் இருந்தவை. ஓட்டுநர் நிதானமாக ஓட்டியிருப்பார், சர்வீஸ் கெடு தவறியிருக்காது, கிலோமீட்டர் மட்டும் கூடுதலாக இருக்கும். அதில் நான் முதலில் திறப்பது இடப்பக்கப் பின்கதவைத்தான். முதலாளி உட்கார்ந்த இடம் அது. தோல் சுருங்கியிருக்கிறதா, சாயும் இருக்கையின் மோட்டார் முனகாமல் போய்த் திரும்புகிறதா, பின்னிருந்தே முன் இருக்கையை நகர்த்தும் பொத்தான் வேலை செய்கிறதா, வெயில் திரை முழுக்க ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஒவ்வொன்றும் தனித்தனி மோட்டார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பில். 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் சொல்லி, அந்த இருக்கை மட்டும் தளர்ந்து கிடந்தால், நான் இருக்கையைத்தான் நம்புவேன்.

5 சீரிஸில் பார்வை வேறு பக்கம் போக வேண்டும். பெரும்பாலும் உரிமையாளரே ஓட்டியது, ஆசையாக ஓட்டியது. எஞ்சின் மென்பொருளை மாற்றிக் குதிரைத்திறனைக் கூட்டியிருக்கலாம். விற்கும்போது பழையபடி மாற்றி வைத்துவிடுவார்கள். நான்கு டயரும் ஒரே நிறுவனத்துடையவையா, பிரேக் தட்டின் விளிம்பில் விரலை வைத்தால் வரப்புப் போலத் தடுக்கிறதா என்று பாருங்கள். காற்றுப் போனாலும் ஓடும் ரன்-பிளாட் டயர்கள் நான்கையும் மாற்றினால் லட்ச ரூபாயை ஒட்டி வரும். அதைத் தவிர்க்கச் சாதாரண டயர் போட்டுவிட்டு, மாற்றுச் சக்கரம் எதுவும் வைக்காமல் விற்பவர்களும் உண்டு. கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு ஆயுள் முழுவதும் மாற்றமே தேவையில்லை என்று சொல்வார்கள். அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்-எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் இருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம்.

520டி என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். 2018இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரில் கசிவு என்று கண்டறிந்து, பல நாடுகளில் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். நீங்கள் பார்க்கும் காரின் சேசிஸ் எண்ணுக்கு அந்த அழைப்பு இருந்ததா, வேலை முடிந்ததா என்பதைச் சர்வீஸ் மையம் சொல்லிவிடும். இதற்கு முந்தைய தலைமுறை 520டி மலிவாக வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்தத் தலைமுறையின் தொடக்க ஆண்டுகளில் வந்த என்47 எஞ்சினில், வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் சத்தம் போட ஆரம்பித்தால் எஞ்சினையே இறக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டது என்ற பேச்சை இரண்டு கார்களிலும் ஏற்க வேண்டாம். மெர்சிடிஸின் பதிவு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. பிஎம்டபிள்யூவில் சாவியே ஒரு சாட்சி. சர்வீஸ் மையத்தில் அதைக் கருவியில் வைத்தால் சேசிஸ் எண்ணும் கடைசியாகப் பதிவான கிலோமீட்டரும் திரையில் வரும். மீட்டரைத் திருப்புகிறவர் சாவியை மறந்திருக்க வாய்ப்பு உண்டு.

அதே விலையில் 2019 அக்டோபருக்குப் பின் வந்த ஆடி ஏ6 கிடைத்தால்? பெட்ரோல் மட்டுமே. நகரத்துக்குள் பத்துப் பத்து கிலோமீட்டராக ஓட்டுகிறவருக்கு இதுவே பொருத்தம். பிஎஸ்-6 மாசு விதிக்கேற்பச் செய்த டீசல் காரின் புகை வடிகட்டி அப்படிப்பட்ட ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். தலைவலியே வேண்டாம் என்கிறவர் லெக்சஸ் இஎஸ் 300எச் பக்கம் போகலாம். டொயோட்டாவின் ஹைபிரிட் நுட்பம், நீண்ட நாள் உழைக்கும். அதனாலேயே அது சீக்கிரத்தில் மலிவாவதில்லை.

எந்த ஊர்ப் பதிவு என்பதும் விலையை மாற்றும். டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் கார் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதனால் ஆறேழு வயதான டீசல் சொகுசு கார்கள் அங்கே மலிந்து, தெற்கே வரத் தொடங்கின. கேட்கும் விலை ஆசை காட்டும். அதோடு லாரி வாடகை, டெல்லி ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, காரின் வயதைப் பொறுத்த தமிழ்நாட்டு வாழ்நாள் வரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 நவம்பர் முதல் வாழ்நாள் வரி 20 சதவீதம். உள்ளூரில் வாங்கிய முதல் உரிமையாளர் அன்றைய விகிதத்தில் வாழ்நாள் வரியை ஏற்கெனவே கட்டியிருக்கிறார் என்பதும் டிஎன் பதிவின் மதிப்பில் சேர்த்திதான். புதுச்சேரிப் பதிவும் இதே கதை. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும்.

டிஎன் பதிவு என்றதும் நிம்மதியாகிவிடவும் முடியாது. சென்னைக் கார் என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்கள் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் எழுந்து வந்துவிடலாம். டிக்கியின் விரிப்பைத் தூக்கி அடியில் பாருங்கள். பிஎம்டபிள்யூவில் பேட்டரி அங்கேதான். பெயின்ட் கனம் அளக்கும் சிறு கருவி எடுத்துப் போவதும் நல்லது. தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது.

யாரிடம் வாங்குவது? நிறுவனங்களே நடத்தும் மெர்சிடிஸ்-பென்ஸ் சர்டிஃபைடு, பிஎம்டபிள்யூ பிரீமியம் செலக்‌ஷன் இரண்டிலும் விலை கூடுதல், ஆனால் வாரண்டி உண்டு. முதல் முறை வாங்குகிறவர் அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். தனியார் ஷோரூமில் பளபளப்பு அதிகம், பதில்கள் குறைவு. அவர்கள் வைக்கும் லாபத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் விலைக்குள்தான் இருக்கிறது. முழு சர்வீஸ் பதிவோடு உரிமையாளரே நேரடியாக விற்கும் காருக்கு நான் முதலிடம் கொடுப்பேன், பதிவு இல்லாததைவிட இரண்டு மூன்று லட்சம் கூடுதல் என்றாலும்.

பேரத்தில் இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைப் புதுக் கார்களின் வரி 48 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கிய பிறகும் பழையதற்குப் பழைய கணக்கே பேசுகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் எழுதிய மதிப்பைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். ஐந்து ஆண்டு கடந்த காருக்கு அது காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி வைத்துக்கொண்ட எண், அவ்வளவே. அந்தக் காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதில் சேர்ந்திருக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்', அதாவது இழப்பீடு கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, விற்பவருக்கே சொந்தம், காரோடு வராது. எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உங்கள் பெயரில் பிரீமியம் எவ்வளவு வரும் என்று கேட்டு, அந்த வித்தியாசத்தையும் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.