ஸ்டியரிங்கில் ‘டக்’ சத்தம், ஸ்கேனரில் கோட் இல்லை: எந்தச் சோதனையை நம்புவது?

ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டக்’கென்று சத்தம். டேஷ்போர்டில் ஈ.பி.எஸ். (மின் மோட்டார் உதவும் பவர் ஸ்டியரிங்) விளக்கு எரியவில்லை. ஸ்கேனரைச் செருகினால் கோட் (கோளாறைச் சொல்லும் குறியீடு) ஒன்றும் இல்லை. ‘வண்டியில் குறை இல்லை’ என்று அனுப்பிவிட்டால் அதே சத்தத்தோடு வண்டி திரும்பி வரும். ஒளிந்திருக்கும் மெக்கானிக்கல் கோளாறைத் தேட மூன்று வழிகள் உண்டு: ஸ்கேனர், கையும் காதும், கரண்ட் கிளாம்ப் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளப்பது) மாட்டிய ஆஸிலோஸ்கோப் (அளவைக் கோடாக வரைந்து காட்டும் கருவி). பலரும் தொடங்குவது ஸ்கேனரில். அங்கேதான் தப்பு நடக்கிறது.

ஸ்டியரிங்கைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வுக்குத் தெரிவது கொஞ்சம்தான். டார்ஷன் பார் (ஸ்டியரிங் தண்டில் முறுகும் மெல்லிய கம்பி) எவ்வளவு முறுகுகிறது, மோட்டார் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு கரண்ட் எடுக்கிறது, சூடு, பேட்டரி வோல்டேஜ், வண்டியின் வேகம். அந்த முறுக்கை அளக்கும் டார்க் சென்சாரின் இரண்டு சிக்னல்களும் ஒத்துப்போகாவிட்டால் உடனே கோட் விழும். மின்சாரக் கோளாறில் அது கில்லாடி. ஆனால் ரேக்கையும் (சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் தேய்ந்து ஆடினால், அந்த ஆட்டம் டார்ஷன் பாருக்குக் கீழே நடக்கிறது. அங்கே பார்க்க சென்சாரே இல்லை.

2018 மார்ச்சில் டெஸ்லா, 2016 ஏப்ரலுக்கு முன் தயாரான சுமார் 1,23,000 மாடல் எஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. குளிர்நாடுகளில் பனி உருகச் சாலையில் கொட்டும் கால்சியம், மக்னீசியம் உப்பு பவர் ஸ்டியரிங் போல்ட்டுகளை அரித்துவந்தது. துருப்பிடிக்கிற போல்ட் எந்த ஈ.சி.யூ.வுக்கும் தகவல் சொல்லாது. (விலை மலிவான புளூடூத் டாங்கிள்களைப் பற்றி ஒரு வார்த்தை: பெரும்பாலும் எஞ்சின் கோட் மட்டுமே படிக்கும். ஸ்டியரிங் மாடியூலைத் தொடாமலே ‘கோட் இல்லை’ என்று காட்டும்.)

கைச்சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். வண்டியைப் பிட்டின் மேல், டயர் தரையில் அழுந்த நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஐடிலில் விட வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை நடுவிலிருந்து இரு பக்கமும் 20, 30 டிகிரி மட்டும் சட்சட்டென்று ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்: இன்டர்மீடியட் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட், ரேக் மவுன்டிங் புஷ், பூட் என்ற ரப்பர் உறைக்குள் இருக்கும் உள் டை ராட், வெளி டை ராட் எண்ட். பூட் கிழிந்திருந்தால் அங்கேயே நின்று பார்க்கலாம். தண்ணீர் உள்ளே போய் ரேக் துருப்பிடிப்பது அந்த வழியாகத்தான். நடுநிலையில் ஸ்டியரிங் விளிம்பின் வெற்று ஆட்டத்துக்குப் பல கம்பெனி கையேடுகள் தரும் வரம்பு 30 மி.மீ.

பிறகு ஈ.பி.எஸ். ஃப்யூஸைக் கழற்றிவிட்டு அதே ஆட்டம். அசிஸ்ட் (மோட்டாரின் உதவி) இருக்கும்போது மட்டும் வரும் ‘டக்’ இப்போது மறைந்துவிட்டால் சந்தேகம் பெரும்பாலும் மோட்டார் பக்கம். இரண்டு முறையும் வந்தால் ஜாயின்ட், டை ராட் பக்கம். ஃப்யூஸைக் கழற்றியதால் விழும் கோடைக் கடைசியில் அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் அதைத் துரத்திக்கொண்டு போவார்.

மோட்டார் பக்கம் என்றால் கையோடு பார்க்க வேண்டியது கப்ளிங். ஹூண்டாய், கியாவின் ‘காலம் அசிஸ்ட்’ கார்கள் (மோட்டார் ‘காலம்’ என்ற ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பவை) பலவற்றில் மோட்டார் ஷாஃப்ட்டுக்கும் வோர்முக்கும் (திருகு போன்ற கியர்) நடுவே நட்சத்திர வடிவில் ஒரு சின்ன கப்ளிங் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாள்பட இறுகி, வெடித்து, மோட்டாரைக் கழற்றும்போது பற்கள் துகளாகக் கொட்டும். அது போனாலும் மோட்டார் சுற்றுகிறது, சென்சார் சரியாகவே சொல்கிறது, அதனால் கோட் வராது. இந்தத் துண்டுக்காகக் காலம் அசெம்பிளி முழுவதையும் மாற்றுவது வீண் செலவு.

கைச்சோதனையின் பலவீனம் ஆட்டத்தில் இல்லை, இறுக்கத்தில்தான். உராய்வு எங்கே கூடினாலும் மோட்டார் கூடுதலாகத் தள்ளி அதை விழுங்கிவிடும், கைக்கு ஒன்றும் தெரியாது. ஃப்யூஸைக் கழற்றி, முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, விளிம்பில் கயிறு கட்டி ஸ்பிரிங் தராசால் இழுத்தால் ஓரளவு பிடிபடும். 18 செ.மீ. ஆரத்தில் 1 கிலோ காட்டினால் சுமார் 1.8 நியூட்டன் மீட்டர். அந்த எண்ணைவிட, சுற்றும்போது முள் எங்கே குதிக்கிறது என்பதே முக்கியம்.

மோட்டார் விழுங்கிய உராய்வு கரண்டில் தெரியும். ஈ.பி.எஸ்.ஸுக்கு வரும் தடித்த பேட்டரி ஒயரில் டி.சி. கிளாம்ப்பை மாட்டி, பூஜ்யம் செய்து, ஃப்யூஸைத் திரும்பப் போட்டு, சக்கரங்களைத் தூக்கிய நிலையிலேயே லாக்கிலிருந்து லாக் வரை (ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை) ஒரே வேகத்தில் மெதுவாகத் திருப்ப வேண்டும். டயர் தரையில் இருந்தால் அதன் உரசல் ஸ்கோப்பின் கரண்ட் கோட்டில் வரும் சின்ன மேடுகளையெல்லாம் மறைத்துவிடும். கை நின்று நின்று போனாலும் பொய் மேடுகள் வரும், ஏனென்றால் பேட்டரி ஒயரில் ஓடும் கரண்ட் மோட்டார் வேகத்தையும் பொறுத்தது. லாக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. சூட்டுப் பாதுகாப்பு வந்து அசிஸ்ட் குறையும், அதையே கோளாறு என்று எழுதிவிடுவோம்.

இப்போது மேடுகளுக்கு நடுவே எத்தனை டிகிரி என்று எண்ணுவதுதான் வேலை. வோர்ம் விகிதம் 18:1 என்றால் ஸ்டியரிங் 20 டிகிரி திரும்ப வோர்ம் ஒரு முழுச் சுற்று. ஆகவே 20 டிகிரிக்கு ஒரு மேடு வந்தால் வோர்ம் அல்லது மோட்டார் பேரிங். 360 டிகிரிக்கு ஒன்று, எப்போதும் ஒரே இடத்தில் என்றால் வோர்ம் சுழற்றும் வோர்ம் வீலில் ஒரு பல். 180 டிகிரிக்கு ஒன்று என்றால் இறுகிய யுனிவர்சல் ஜாயின்ட். அதன் சிலுவை ஒரு சுற்றுக்கு இருமுறை சிக்கும். லாக்கிலிருந்து லாக் வரையிலான மூன்று சுற்றில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் ரேக்கில் துரு அல்லது வளைவு. டை ராட் எண்டுகளைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் சஸ்பென்ஷனின் மேல்முனையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங்கின் பங்கும் பிரிந்துவிடும்.

ஸ்கோப் இல்லாதவர்கள் நல்ல ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் மோட்டார் கரண்ட், ஸ்டியரிங் கோணம் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து கிராஃப் போடலாம். பத்துப் பதினைந்து அளவுகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் புதுப்பிக்க நேரமாகும், 20 டிகிரி மேடு கண்ணில் படாது. ஆட்டத்தைக் கண்டுபிடிக்கக் கிளாம்ப் உதவாது என்பதும் நினைவில் இருக்கட்டும்: தளர்ந்த டை ராட் கரண்டைக் கூட்டாது.

ஸ்கேனர் இல்லாமல் முடியாத இடம் ரிப்பேருக்குப் பின்னால் வருகிறது. காலத்தைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகடிவைப் பிரித்து, கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, ஏர்பேக்கின் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டியரிங்கோடு சுழலும் சுருள் ஒயர்) சுழன்றுவிடாமல் ஸ்டியரிங்கை நடுவில் பூட்ட வேண்டும். திரும்ப மாட்டியபின் கையேடு கேட்கும் டார்க் சென்சார் பூஜ்யத்தையும் கோணத்தின் நடுநிலையையும் ஸ்கேனரால் பதிய வேண்டும். டார்க் பூஜ்யம் தப்பினால் கையை விட்டதும் ஸ்டியரிங் ஒரு பக்கம் தானாக நகரும்.