பழைய பெட்ரோல் உருளை புல்வெட்டி: பேஸ்ட் தேய்ப்பா, கிரைண்டிங்கா?

1830-இல் எட்வின் பட்டிங் உருவாக்கிய அமைப்புதான் இன்றும். உருளைக் கத்திகள் சுழல, கீழே அசையாமல் இருக்கும் தட்டைக் கத்தியோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி புல்லை நறுக்கும். எஞ்சினை எவ்வளவு அழகாக ஓவர்ஹால் செய்தாலும், இந்த இரண்டு விளிம்பும் சேராவிட்டால் வண்டி புல்லை மடக்கிவிட்டுப் போகும்.

இந்த விளிம்புகளைக் கூராக்க வீட்டிலேயே முடிவது பேஸ்ட் தேய்ப்பு. முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள் (மறந்தால் விரலுக்கு உத்தரவாதம் இல்லை). செயினை விடுவித்து, கத்திகளில் கிரைண்டிங் பேஸ்டை (உராய்ந்து தேய்க்கும் துகள் கலந்த பசை) பிரஷ்ஷால் பூசி, உருளையைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். கரகரவென்ற சத்தம் மெல்ல அடங்கி ஒரே சீரான உரசலாக மாறும். கழுவியபின் செய்தித்தாள் துண்டை இரண்டு கத்திகளுக்கும் இடையே நீட்டி, உருளையைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஓரத்துக்கு ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்டால் போதும். எங்காவது காகிதம் மடங்கினால், உருளையையும் தட்டைக் கத்தியையும் நெருக்கும் ஸ்க்ரூவை இம்மி இறுக்கி மறுபடி தேய்க்க வேண்டும்.

பல வருடம் ஓடிய வண்டியில் உருளை ஒரு பக்கம் அதிகம் தேய்ந்து கூம்பாகியிருக்கலாம். கல்லில் பட்ட பள்ளமும் இருக்கும். அதற்கு பேஸ்ட் பத்தாது, மெஷினில் சாணை பிடிக்கும் கிரைண்டிங்தான். உருளையைக் கழற்ற வேண்டும், செலவும் கூடுதல், இரும்பும் குறையும். பழைய மாடலுக்கு மாற்று உருளை குதிரைக் கொம்பு என்பதால், நான் கூம்பு இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே இதற்கு ஒப்புக்கொள்வேன்.

பேரிங்கில் ஆட்டம் இருந்தால் இரண்டும் வீண். அதை முதலில் மாற்றுங்கள்.