தாதியர் கல்லூரியா, பல்கலைக்கழகமா, தனியார் பயிற்சியா? பிறகு எந்த வார்டு?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் என் கைப்பேசி ஓய்வதில்லை. ஒரு நாள் பொகவந்தலாவையிலிருந்து அழைப்பு வரும், மறுநாள் லுணுகலையிலிருந்து. "அக்கா, உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. வைத்தியபீடத்துக்குப் புள்ளி போதாது. நேர்ஸாகப் போகலாம் என்று நினைக்கிறேன். எந்த வழியில் போவது?" பேசுவது பிள்ளை. பின்னால் நிற்கும் அம்மாவின் குரலும் கேட்கும்: "செலவு எவ்வளவு, சம்பளம் எப்போது வரும் என்று கேள்."

அம்மாவின் கேள்விதான் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மலையகத்தில் தமிழ்மொழியில் விஞ்ஞானப் பிரிவு நடக்கும் பாடசாலைகள் குறைவு. அதற்காகவே ஹட்டனிலோ பதுளையிலோ போர்டிங்கில் தங்கிப் படித்த பிள்ளைகள் ஏராளம். அந்த இரண்டு வருடத்துக் கடன் இன்னும் அடைந்திருக்காது. நான் அரசாங்கத் தாதியர் கல்லூரியில் படித்தவள். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

அரசாங்கக் கல்லூரியின் டிப்ளோமா மூன்று வருடம். கட்டணம் இல்லை. தங்குவதற்கு விடுதி உண்டு, மாதாமாதம் கொடுப்பனவும் உண்டு. இந்தக் கொடுப்பனவை நகரத்துப் பிள்ளைகள் கைச்செலவுக் காசாகப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது தம்பியின் ரியூஷன் காசாக இருந்தது. நான் படித்த மூன்று வருடமும் அம்மாவிடம் பஸ் காசுகூடக் கேட்டதில்லை. இதற்குப் பதிலாக, படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் அரச சேவையில் இருப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும். அந்த ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். பிணை நிற்பவர் உங்கள் மாமாவாக இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பல்கலைக்கழகப் பட்டம் நான்கு வருடம். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, யாழ்ப்பாணம், கிழக்கு, கொழும்பு ஆகிய பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டப்படிப்பு இருக்கிறது. பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. ஆகவே மாவட்ட அடிப்படையிலான அனுமதியில் எங்கள் பிள்ளைகளுக்கு ஓரளவு கை கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. "எங்கே எனக்குக் கிடைக்கப்போகிறது" என்று பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தாதியியலை எழுதாமலே விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். எழுதுங்கள். கிடைத்த பின்பு வேண்டாம் என்று சொல்லலாமே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் வார்டில் நேரில் பார்த்தேன். டிப்ளோமா முடித்து வரும் பிள்ளைக்குக் கை பழகியிருக்கும். மருந்து ஏற்ற நாளத்தில் கனூலாக் குழாய் போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, நாற்பது நோயாளிகள் கிடக்கும் வார்டில் யாரை முதலில் பார்ப்பது என்று கண்ணால் அளப்பது எல்லாம் அவளுக்கு வந்துவிடும். பட்டம் முடித்து வருபவள் முதல் ஆறு மாதம் கொஞ்சம் தடுமாறுவாள். ஆனால் "ஏன்" என்று கேட்கும் பழக்கம் அவளிடம் இருக்கும். ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து வாசிப்பாள். பிற்காலத்தில் விரிவுரையாளர் பதவிக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது அவளுடைய பாதை நேரானது. ஒரு குறை: பட்டம் கைக்கு வந்த பின்பும் அரச நியமனத்துக்காகக் காத்திருக்க வேண்டி வரலாம். வீட்டில் உழைக்கும் ஆள் ஒருவராவது இருந்தால் அந்தக் காத்திருப்பைத் தாங்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு வீட்டைப் பொறுத்து மாறும். அப்பாவோ அண்ணனோ நிலையான வருமானத்தில் இருந்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் எட்டினால், பட்டத்துக்குப் போங்கள். அம்மா ஒருத்தியின் கொழுந்துக் கூடையில்தான் குடும்பம் நிற்கிறது என்றால் டிப்ளோமா எடுங்கள். பட்டத்தைப் பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் பெறலாம், ஏற்கெனவே பதிவுபெற்ற தாதியருக்காகவே அங்கே தாதியியல் பட்டம் நடக்கிறது. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. இரவு டியூட்டி முடித்து நேரே வகுப்புக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். கஷ்டம்தான், ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கும் கஷ்டம் அது.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புக் கல்லூரிகளில் சுற்றிலும் தமிழ் கேட்கும். கண்டியிலும் பதுளையிலும் வகுப்புத் தோழிகள் பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். நான் போன முதல் மாதம் விடுதியில் தண்ணீர் வாளி கேட்கவும் தெரியாமல் நின்றேன். வார்டில் ஒரு டியூட்டியிலிருந்து அடுத்த டியூட்டிக்கு நோயாளிகளை ஒப்படைக்கும்போது பேசப்படுவது பாதி விளங்காது. பயந்துபோய் நோட்டுப் புத்தகத்தில் சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன். ஒரு வருடத்தில் பேச்சு வந்தது. எனவே தெரிவு கையில் இருந்தால், மலையகத்திலேயே வேலை செய்ய நினைக்கும் பிள்ளைக்குக் கண்டியையோ பதுளையையோதான் சொல்வேன். வேலை செய்யப்போகும் இடத்தின் மொழியை மாணவியாக இருக்கும்போது தப்பும் தவறுமாகப் பேசலாம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நியமனம் பெற்ற பின்பு தடுமாறினால் அந்தத் தடுமாற்றம் நோயாளியின் மேல் விழும்.

தனியார் வழிக்கு வருகிறேன். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொழும்பின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் சில தாமே பயிற்சிப் பள்ளி நடத்துகின்றன. அங்கே கருவிகள் நவீனமானவை, ஒழுங்கு கடுமை, வேலையும் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். கொழும்பில் போர்டிங் வாடகையும் சாப்பாடும் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டாவது வகை, நகரத்துக் கடை மாடிகளில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் நிறுவனங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பாடநெறி நடத்தி, வெள்ளை உடுப்பில் பட்டமளிப்புப் படமும் எடுத்துக் கொடுப்பார்கள்.

என் சித்தியின் மகள் அப்படி ஓர் இடத்தில் சேர்ந்தாள். சித்தி காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் பணம் கட்டினாள். முடிவில் கிடைத்த சான்றிதழ் ஒரு பராமரிப்பு உதவியாளருடையது. பராமரிப்பு உதவியாளர் வேலை மதிப்பான வேலை, என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைத் தரத்தோடு அதைப் படித்தவர்கள் வெளிநாட்டில் முதியோரைப் பார்த்து நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் அவளுக்குச் சொல்லப்பட்டது நேர்ஸ் என்று. அந்தப் பொய்யைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இலங்கையில் தாதியாகப் பணியாற்றுவதற்கான பதிவு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாதியர் பேரவைச் சட்டத்தின்கீழ் அமைந்த தாதியர் பேரவையில் நடக்கிறது. எந்தத் தனியார் இடத்துக்குப் போனாலும் காசு கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் பேரவையில் தாதியாகப் பதியலாமா? எழுத்தில் தருவீர்களா?" எழுத்தில் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பின்னர் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்தப் பதிவைத்தான்.

அடுத்த குழப்பம் முதல் வேலையிடம். அரச நியமனம் நாடு முழுவதற்குமானது, நினைத்த இடம் எல்லோருக்கும் கிடைக்காது. ஆனாலும் தெரிவைக் கேட்கும்போது எங்கள் பிள்ளைகள் யோசிக்காமல் வீட்டுக்கு அருகிலுள்ள ஆஸ்பத்திரியையே எழுதுவார்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளைப் போதனா வைத்தியசாலை ஒரு பக்கம். கண்டித் தேசிய வைத்தியசாலையும் பேராதனையும் மறு பக்கம். மதியம் 1 மணிக்கு டியூட்டி முடித்து மாலைக்குள் வீட்டில் தேநீர் குடிப்பதா, அல்லது கண்டியில் அறை எடுத்து மாதம் இரண்டு முறை நாவலப்பிட்டி வழியாக பஸ்ஸில் ஊர் வருவதா? ஆசை எந்தப் பக்கம் இழுக்கும் என்று எனக்கும் தெரியும்.

அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். இந்திய உதவியில் 150 கட்டில்களோடு டிக்கோயாவில் எழுந்த கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டபோது எங்கள் மக்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன். அங்கே தமிழ் பேசும் ஒரு நேர்ஸின் மதிப்பு என்னவென்று ஒரு குளவிக்கொட்டு நாளில் தெரியும். மலையில் கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து பத்துப் பன்னிரண்டு பெண்களை ஒரே லொறியில் கொண்டுவந்து இறக்குவார்கள். எல்லோரும் அழுவார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் அழாமல், "தொண்டை அடைக்குது மிஸ்" என்று மெல்லச் சொல்வாள். அந்த ஒரு வார்த்தை விளங்கியவள் அவளைத்தான் முதலில் தூக்குவாள். கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் போக வேண்டும். டொக்டர் சொல்லி முடிக்கும்போது மருந்து உங்கள் கையில் தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கை எனக்கு எங்கே பழகியது? கண்டியில். தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒரே இரவில் மூன்று பேரின் சுவாசம் நின்று மீண்ட வார்டுகளில். அங்கே மூத்த சிஸ்டர்மார் திட்டுவார்கள், அந்தத் திட்டில் பாடம் இருக்கும். சிறிய ஆஸ்பத்திரியில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை புதியவள் ஒருத்தி ஏறக்குறையத் தனியாகவே வார்டைத் தாங்க வேண்டி வரும். தெரியாததைக் கேட்க அருகில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே முதல் இரண்டு வருடம் பெரிய ஆஸ்பத்திரி, பிறகு இடமாற்றம் கேட்டு மலைக்குத் திரும்புதல் என்பதே நான் சொல்லும் வரிசை. சுகமில்லாத பெற்றோர் வீட்டில் தனியாக இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றுங்கள், அதற்கு யாரும் குறை சொல்ல முடியாது.

வெளிநாட்டைப் பற்றிக் கொஞ்சம். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவத்தோடு டேட்டாஃப்ளோ சான்றிதழ்ச் சரிபார்ப்பும் பிரோமெட்ரிக் என்ற கணினிவழித் தொழில் பரீட்சையும் கேட்கின்றன. பிரித்தானியாவுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் எழுத்துக்கு 6.5, மற்றப் பகுதிகளுக்கு 7 வேண்டும். பணம் சீக்கிரம் தேவைப்பட்டால் வளைகுடா, குடும்பத்தோடு நீண்ட காலம் தங்க நினைத்தால் பிரித்தானியா. 2022 நெருக்கடியில் அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் போக 14/2022 சுற்றறிக்கை வழி திறந்தது, என்னோடு வேலை செய்தவர்கள் சிலர் அப்படிப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அனுபவமில்லாமல் முகவரிடம் காசு கொடுத்து, நேர்ஸ் என்று போய் வீட்டு வேலையில் நிற்பவர்களை நினைத்தால்தான் நெஞ்சு பதைக்கிறது.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் இந்த மாதமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்து என்று இருப்பது வழக்கம். நேர்முகப் பரீட்சையில் அதைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். வேலைவாய்ப்பு அறிவித்தல்களைத் தாங்கும் வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு அதன்பின் அதிக நாள் இருக்காது. பெயர்த் திருத்தத்துக்கோ மாதக்கணக்கில் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். மூன்று ஆவணங்களையும் இன்றிரவே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.